நான் செய்த கொலுப்படி

லஸ் முனை நடைபாதைக் கடையில் அந்தப் பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. வீட்டு மரவேலையை நாமே செய்துகொள்வது எப்படி என்று சொல்லும் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் டை கட்டிய ஒருவர் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அவரை நம்பி, இந்த வருஷம் கொலுப்படியை நானே செய்கிறேன் என்று வீட்டில் மார்தட்டிவிட்டேன்.

பால்கனியில் பத்து நாள் வேலை. ஸ்க்ரூ போடும் முன் சின்னதாகத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் மரம் பிளக்கும் என்று புத்தகம் படம் போட்டே சொல்லியிருந்தது. கையால் சுற்றும் டிரில்லில் நாலு துளை போட்டதும் எனக்கு மணிக்கட்டு வலித்தது. மிச்ச ஸ்க்ரூக்களைச் சுத்தியலால் அடித்தே இறக்கினேன். மூன்றாம் படியைத் தாங்கும் கட்டை விரிந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து விரிசலில் பூசினேன். மேலே எப்படியும் வெள்ளை வேட்டி விரிக்கப்போகிறோம், யார் பார்க்கப்போகிறார்கள்?

நவராத்திரி நாலாம் நாள் காலை, எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி கொலுவுக்கு முன்னால் தரை துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் படி சரிந்தது. எங்கள் கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்த தசாவதார செட்டில் நாலு அவதாரங்கள் சுக்குநூறு.

மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "பார்த்துத் துடைன்னு எத்தனை தடவை சொல்றது? இடிச்சுட்டியா?"

"இல்லம்மா, நான் கிட்டயே போவல."

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், வாயில் கொழுக்கட்டையோடு.

கொலுவில் பொம்மை உடைந்தால் ஆகாது என்று மனைவிக்குப் பயம். அதற்குப் பிறகு அவரைக் கொலு அறைக்குள் விடவில்லை. வருஷா வருஷம் கொலு முன்னால் உட்கார்ந்து வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டவர், இப்போது வாசலில் நின்று சுண்டலை வாங்கிக்கொண்டு போனார். நான் புதுக் கட்டை வைத்துப் படியைச் சரிசெய்தேன். "படி நீங்களே பண்ணினதாமே மாமா!" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். வெட்கமில்லாமல் சிரித்தேன். இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன், தினமும் பயந்தேன்.

விஜயதசமியன்று காலை அவரை மாடிப்படியில் நிறுத்தினேன். "உங்க மேல தப்பே இல்லம்மா. அந்தக் கட்டை என்னாலதான் விரிஞ்சுது."

"தெரியும் சார். ஒடஞ்சதை நான்தானே வாரிக்கொட்னேன். கட்டையில விரிசல்ல பசை பூசிக்கீது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்துக்கினு இருந்தேன்" என்றார். "இப்பக்கூட என்னாண்டதானே சார் சொல்றீங்க."