ஊர் எல்லை வரை வெட்டிய வடிகால்

பெரியநாயகசாமி கத்தாரில் பல வருஷம் பொக்லைன் ஓட்டினார். ஊர் திரும்பியதும் பழைய பொக்லைன் ஒன்றை வாங்கினார். சொந்த ஊரான மேலப்பண்டூரில் அதற்கு வேலை காத்திருந்தது.

கார்த்திகை மழையில் அந்த ஊர்ச் சம்பா மூழ்குவது வழக்கமாகிவிட்டிருந்தது. வயல் தண்ணீரைக் கடல் பக்கம் கொண்டுபோக வேண்டிய வடிகால், ஆகாயத்தாமரை மண்டி, ஆடு நடந்து கடக்கும் அளவுக்குத் தூர்ந்து கிடந்தது. மனு கொடுத்துச் சலித்த ஊரிடம் அவர் டீசல் மட்டும் கேட்டார். மற்றதெல்லாம் தன் பொறுப்பு என்றார்.

சித்திரை வெயிலில் வெட்டத் தொடங்கி, ஊர் எல்லையில் இருக்கும் மதகடியில் நிறுத்தினார். அதற்கு அப்பால் கீழப்பண்டூர். அடுத்த ஊர் வடிகாலில் கேட்காமல் கை வைப்பதில்லை என்பது இந்தப் பக்கத்து மரியாதை. அவர் கேட்கவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. மாதா கோயில் திருவிழாவில் மேலப்பண்டூர்க்காரர்கள் அவருக்குச் சால்வை போட்டார்கள்.

கீழப்பண்டூரில்தான் அவருடைய தங்கை அமலோற்பவம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் கணவனும் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தார்கள். இந்தப் போகமும் தவறினால் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தஞ்சாவூரில் இருக்கும் நிலத்தின் உரிமையாளர் சொல்லிவைத்திருந்தார்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. மேலப்பண்டூர் வயல்கள் ஒரே பகலில் வடிந்தன. ஜனங்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. கீழப்பண்டூரில் வடிகால் பழைய அகலம்தான், பழைய சேறுதான். முன்பெல்லாம் மேலப்பண்டூரில் தேங்கி மெல்ல வந்த தண்ணீர், இப்போது மொத்தமாக வந்து கரை மீறியது. கதிர் விடப் பொதி கட்டியிருந்த பயிர் கண்ணில் இருந்து மறைந்தது.

மறுநாள் கீழப்பண்டூர்க்காரர்கள் மணல் மூட்டை போட்டு மதகை அடைத்தார்கள். மேலப்பண்டூரில் தண்ணீர் ஏறியது. பெரியநாயகசாமி வெட்டிய வடிகாலை அவரே வந்து திறந்துவிட வேண்டும் என்று ஊரே அவர் வாசலில் நின்றது. அவர் தயங்கினார்.

“தங்கச்சி ஊருன்னு யோசிக்கிறீங்களா?” என்றார் கூட்டத்தில் நின்ற முருகையன். “சால்வைய தங்கச்சிக்கா குடுத்தீங்க, நீங்கதானே போட்டுக்கிட்டீங்க?”

இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போனார். மூட்டைகளின் மேல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அமலோற்பவம் நின்றாள்.

“எறங்கும்மா. அங்க எல்லாம் மூழ்குது.”

“எறங்கறேண்ணே. இந்தத் தண்ணிக்கு அந்தாண்ட வழி எங்கன்னு சொல்லிட்டு எடு.”

“தை முடியட்டும். ஒங்க பக்கமும் வெட்டித் தர்றேன்.”

“தை வரைக்கும் பயிரு மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்குமா?”

அவர் இயந்திரத்தை அணைத்தார். ஆனால் பின்னால் வந்த அவருடைய ஊர்க்காரர்கள் யாரையும் கேட்கவில்லை. மண்வெட்டியோடு இறங்கி, மதகுக்குப் பக்கத்துக் கரையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அமலோற்பவம் தானாகவே இறங்கிப் போனாள். அவள் பயிர் நின்ற இடத்திலேயே அழுகியது.

சித்திரை பிறந்ததும், சொன்ன சொல்லுக்காகத் தன் டீசலில் கீழப்பண்டூருக்குப் போனார். இயந்திரம் இறங்குவதற்கு முன்பே சேந்தன்வெளிக்காரர்கள் கரையில் கூடியிருந்தார்கள். கீழப்பண்டூர் வடிகால் அடுத்து அவர்கள் ஊருக்குத்தான் போகிறது. அவர்களில் ஜாஃபர் சாதிக் முன்னால் வந்தார்.

“மேலப்பண்டூர் வெட்டுனதுக்குக் கீழப்பண்டூர் என்ன ஆச்சுன்னு பாத்துட்டோம். கடல்லேருந்து மேல வெட்டிட்டு வாங்க, மாலை போடுறோம். மேலேருந்து கீழ வேணாம்.”

அவர் இயந்திரத்தைத் திருப்பினார். கடல் வரைக்கும் இன்னும் எத்தனையோ ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை.

திரும்பும் வழியில் தங்கை வீட்டில் நின்றார். சேந்தன்வெளியில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னார். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

“வெட்டியிருந்தாலும் இனிமே அது வேற ஆளு வயலுண்ணே. நாங்க திருப்பூர் போறோம். சாமான் ஏத்த ஒரு சின்ன வண்டி பாத்துக் குடு. பொக்லைன் வேணாம்.”

அவர் வண்டி பார்த்துக் கொடுத்தார்.