பாலம் வரைக்கும் டிரைவர்

அவருக்கு ஊரார் வைத்த பெயர் பாதி. "பாதி வந்தாச்சா?" என்று கேட்டால் பஸ் வந்துவிட்டதா என்று பொருள். "பாதி இன்னைக்குக் கோபமா இருக்காரு" என்றால் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று பொருள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று லைசென்ஸில் இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

நான் அந்த பஸ்ஸின் கண்டக்டர். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எனக்கோ ஊர் ரெண்டும் ஒன்றானபோதுதான் வேலையே கிடைத்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வட்டாரம், அந்தப் பக்கம் ஒரு வட்டாரம், நடுவில் ஒரு பாலம். அந்தப் பக்கத்தில் பழச்சாறு ஆலை இருந்தது, வேலைக்கு ஆள் இல்லை. இந்தப் பக்கத்தில் ஆள் இருந்தது, வேலை இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு இது. ஆனாலும் இரண்டு வட்டாரத்துப் பெரிய மனிதர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்கள். கடைசியில், சேர்ந்து வந்தால்தான் உதவி, தனியாக வந்தால் வாசலோடு திரும்பலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரமே இரண்டு பக்கத்தாரும் கூடப் பிறந்தவர்கள் ஆகிவிட்டார்கள். இருவட்டாரக் கூட்டு வளர்ச்சிக் குழு பிறந்தது. அதன் முதல் பிள்ளை எங்கள் பஸ்.

பஸ்ஸுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதிலேயே ஒரு கோடை போயிற்று. இவர்களுக்குப் பச்சை, அவர்களுக்கு நீலம். சமரசமாக இடப்பக்கம் பச்சையும் வலப்பக்கம் நீலமும் அடித்தார்கள். ஜனங்கள் நிற்பதும் ஏறுவதும் இடப்பக்கம்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. நீலத்தை வயலில் மேய்ந்த மாடுகள் மட்டுமே பார்த்தன. அதற்கும் ஒரு கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தார்கள்.

அடுத்த பஞ்சாயத்து டிரைவர். "எங்க ரோட்டுல எங்க ஆளுதான் ஓட்டணும்" என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஆக, ஒரு பஸ்ஸுக்கு இரண்டு டிரைவர். பாலம் வரைக்கும் பாதி ஓட்டுவார். பாலத்தில் இறங்கிச் சாவியைக் கொடுப்பார். அங்கிருந்து அந்தப் பக்கத்து டிரைவர், எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், ஆலை வரைக்கும் ஓட்டுவார். திரும்பும்போது இதே கூத்து தலைகீழாக நடக்கும். கண்டக்டருக்கும் அடிதடி வந்து, இரண்டு பக்கமும் ஒட்டாத ஒருவன் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

பாலத்தில் நடக்கும் கைமாற்றம் லேசுப்பட்டதல்ல. பாதி குட்டை, பெரியவர் பனைமர உயரம். ஒருவர் இறங்கியதும் மற்றவர் சீட்டைப் பின்னே தள்ளுவார், அல்லது முன்னே இழுப்பார். பிறகு கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்புவார். "மனுஷன் உக்கார்ற மாதிரியா வச்சிருக்கான்" என்று இருவருமே முணுமுணுப்பார்கள். அதற்குள் பயணிகள் இறங்கி, ஒதுங்கிவிட்டு, ஊர்க்கதை பேசி, திரும்ப ஏறிவிடுவார்கள். டிரைவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசியது ஒரே ஒரு சொல்: "சாவி." அதற்கு மறுமொழி: "ம்."

சாவியைக் கொடுத்ததும் பாதி கடைசி நீள சீட்டுக்குப் போய் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்துவிடுவார். ஆலை வரும்வரை எழுந்திருக்க மாட்டார். தூக்கத்தில் வலது கால் மட்டும் அவ்வப்போது வெடுக்கென்று உதறும். டிரைவருக்குத் தூக்கத்திலும் தொழில்தான் என்று நான் சிரித்துக்கொள்வேன்.

"பாலத்துக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாதுடா. அது அவரு ரோடு" என்பார்.

ஆனால் மனிதருக்கு உள்ளுக்குள் ஓர் ஏக்கம் இருந்தது. முதலில் செங்கல் சூளைக்குள்ளே டிராக்டர் ஓட்டினார். பிறகு கல்குவாரி வேலிக்குள்ளே டிப்பர் ஓட்டினார். பிழைப்பு முழுக்கக் குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டியாயிற்று. பஸ் என்றதும் துள்ளிக்கொண்டு வந்தவருக்குக் கிடைத்தது பாதிச் சட்டி.

ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னார்: "ஒரு ரோட்ட ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நானே ஓட்டணும்டா. பெரிய ஆசையா இது?"

வீட்டில் மாமியார் வேறு. முன்னறையில் டி.வி.க்கு எதிரே இருந்த ஒரே சாய்வு நாற்காலி அந்த அம்மாளுடையது. யார் வந்து கேட்டாலும், "மருமகன் டிரைவருதான்" என்பார். பிறகு ஒரு மூச்சு விட்டு, "பாலம் வரைக்கும்" என்பார். சாம்பாரை அரைக் கரண்டி ஊற்றிவிட்டு, "பாதிக்கு இது போதும்ல?" என்று கேட்பதும் உண்டு. பாதியின் மனைவி அடுக்களையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். எனக்கே அந்த வீட்டில் சாப்பிடப் பயம்.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. குழுவின் செயலாளர் பாதியையும் என்னையும் தனியாக அழைத்து, பாதியிடம் சொன்னார்: "ஒரு பஸ்ஸுக்கு எதுக்கு ரெண்டு டிரைவர்னு கேக்குறாங்க. ஒருத்தரை எடுத்துடுவாங்க போல. எடுத்தா பெரியவரத்தான். வயசாச்சு, முழங்காலும் சரியில்ல. அப்புறம் முழு ரூட்டும் நீதான்யா."

பெரியவர் வீட்டில் மனைவி, கணவனை விட்டுவந்த மகள், அவளுடைய இரண்டு சின்னப் பிள்ளைகள். எல்லாருக்கும் சேர்த்து அந்த ஸ்டீயரிங்தான் சோறு போட்டது. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

செய்தி வீட்டுக்கும் எட்டிவிட்டது. அன்று மாமியார் நாற்காலியை விட்டு எழுந்து, "உக்காருங்க மாப்பிள்ளை" என்றாராம். சாம்பாரும் முழுக் கரண்டி.

அதிகாரி அம்மாள் வந்த காலையில் பாதி இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தார். பஸ் பாலத்தில் நின்றது. பெரியவரைக் காணோம். நான் போன் போட்டேன். அவருடைய மகள்தான் எடுத்தாள். அப்பா காலையில் ஒரு தும்மல் போட்டார், இடுப்பு பிடித்துக்கொண்டது, கட்டிலில் குப்புறக் கிடக்கிறார் என்றாள்.

செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி அம்மாள் மட்டும் சாதாரணமாகக் கேட்டார்: "இவரே ஓட்டட்டுமே. என்ன இப்போ?"

"அந்தப் பக்கத்து ரோடு இவருக்குத் தெரியாது மேடம்."

"தினமும் இதே பஸ்லதானே போறாரு?"

"தூங்கிட்டுப் போறாரு மேடம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி பாதியை ஒருமுறை பார்த்தார். "சரி. இவர் ஒழுங்கா கொண்டுபோய்ச் சேர்த்தா, ஒரு டிரைவர் போதும். இன்னைக்கே எழுதிடறேன்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? கேட்ட வரம் கைக்கு வந்துவிட்டது. நான் விசில் அடித்தேன். பஸ் பாலத்தின் நடுக்கோட்டைத் தாண்டியதும் ஆலைக்குப் போகும் பெண்கள் கை தட்டினார்கள். பாதியின் முதுகு நிமிர்ந்தது. அவ்வளவு அழகாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்து ரோட்டில் அடிக்கொரு வேகத்தடை. ஒன்றில்கூட ஒருவரும் குலுங்கவில்லை. செயலாளர் அதிகாரி அம்மாளிடம், "பார்த்தீங்களா மேடம்" என்று, தானே பெற்று வளர்த்தது போலச் சொன்னார். எனக்கு ஒருபக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், குப்புறக் கிடக்கும் மனிதரின் நினைப்பு.

முச்சந்தி வந்தது. வலப்பக்கம் ஆலை. பாதி வண்டியை நிறுத்தித் திருதிருவென்று விழித்தார்.

"இப்போ எந்தப் பக்கம்?"

பஸ்ஸே "வலது!" என்று கத்தியது. பாதி தலையாட்டிக்கொண்டு இடப்பக்கம் திருப்பினார்.

"அண்ணே, வலது! வலது!" நான் விசிலை ஊதிய ஊதலில் காது அடைத்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. ரோடு வண்டித்தடம் ஆனது. தடம் ஒற்றையடிப் பாதை ஆனது. ஜன்னல் வழியாக முள்கிளை உள்ளே வந்து செயலாளரின் சட்டையை இழுத்தது. கோழிகள் பறந்தன. யாரோ துணி காயப்போட்டிருந்த கொடி அறுந்து, ஒரு போர்வை முன்கண்ணாடியை மூடியது. அத்தோடு பஸ் நின்றது.

போர்வையை எடுத்துப் பார்த்தால், ஒரு வீட்டு முற்றம். கட்டிலில் இடுப்பு மேல் வெந்நீர்ப் பையோடு பெரியவர் குப்புறக் கிடந்தார். தலையை மட்டும் ஆமை மாதிரித் தூக்கினார்.

"யோவ், இங்க எதுக்குய்யா வந்தே?"

"வழி தெரியல."

அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் முழு வாக்கியங்கள் இவைதான்.

"யாரு இவரு?" என்று அதிகாரி அம்மாள் கேட்டார்.

"இவர்தான் மேடம்... இன்னொரு டிரைவர்" என்றார் செயலாளர், அழாத குறையாக.

பஸ்ஸைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயேதான் போக வேண்டும். அதற்குப் பெரியவர் வேண்டும். ஆலைப் பெண்கள் அவரைப் போர்வையோடு தூக்கிவந்து கடைசி நீள சீட்டில் கிடத்தினார்கள். அங்கே குப்புறப் படுத்தபடி, சீட்டின் ரெக்ஸினைப் பார்த்துக்கொண்டே, அவர் வண்டியை நடத்தினார்.

"ஸ்டீயரிங்க ஒடி, ஒடி, பின்னாடி மாட்டுக்கொட்டகை... போதும். இப்ப நேரா. ஒரு பள்ளம் வரும், செகண்டுக்கு மாத்து... வந்துச்சா?"

"வந்துருச்சு" என்றார் பாதி.

"அடுத்து வலது. இப்பவாச்சும் வலதுல திருப்பு, புண்ணியமாப் போகும்."

அதிகாரி அம்மாள் திரும்பித் திரும்பி அவரையே பார்த்தார். ஆலைச் சங்கு ஊதி ரொம்ப நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது தலையிலிருந்த முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "இந்தப் பக்கத்துக்கு இந்தப் பெரியவர் இல்லாம முடியாது. படுத்துக்கிட்டாவது அவரு வேணும். இந்த ஆளு தயவுசெஞ்சு பாலத்தோட நிக்கட்டும்." அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டார். பெரியவர் ஓய்வு பெறும்வரை இரண்டு டிரைவர்.

ஊர் சும்மா இருக்குமா? தினமும் போன வழி தெரியாதவன் என்று டீக்கடையில் சிரித்தார்கள். மாமியார் அன்றே நாற்காலியைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். "பாதின்னு சொன்னதே ஜாஸ்தி. கால் டிரைவர்" என்றார். பாதியும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போக, அதற்கும் சிரிக்கிறாரே என்று அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

பெரியவர் இடுப்பு நேராகி வேலைக்கு வந்தார். பாலத்தில் சாவி கைமாறியது. பாதி கடைசி சீட்டில் துண்டைப் போட்டுப் படுத்தார். அன்று கூட்டம் குறைவு. நான் அவர் கால்மாட்டில் நின்று டிக்கெட் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வலது கால் வெடுக்கென்று உதறியது. உடனே பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. எனக்கு என்னவோ போல இருந்தது. டிக்கெட்டை விட்டுவிட்டுக் காலையே பார்த்தேன். மறுபடி கால் அழுந்தியது, அடுத்த வேகத்தடை வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. முச்சந்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வயிற்றின் மேல் கிடந்த இரண்டு கைகளும் மெல்ல வலப்பக்கம் திரும்பின.

அவர் ஒருநாளும் தூங்கியதில்லை. துண்டுக்கு அடியிலிருந்து அந்த ரோடு முழுவதையும் தினமும் அவரும்தான் ஓட்டியிருக்கிறார். முச்சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் யார் வீட்டு முற்றம் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இத்தனை நாள் அவரை முறைத்துக்கொண்டிருந்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா?" குனிந்து கேட்டேன்.

"தூங்குறேன்டா. சும்மா இரு" என்றது துண்டு.

திரும்பும்போது பாலத்தில் பெரியவர் வண்டியை நிறுத்தினார். வழக்கம் போல உடனே இறங்கவில்லை. சீட்டை முன்னால் இழுத்தார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கீழே திருப்பினார். பிறகு வலிக்கும் முழங்காலோடு இறங்கி, சாவியை நீட்டி, "ஏறு தம்பி" என்றார்.

பாதி ஏறி உட்கார்ந்தார். கால் நேராக பிரேக்குக்குப் போயிற்று. கண்ணாடியில் ரோடு, கடைசி சீட்டு, நான், எல்லாம் அதனதன் இடத்தில் தெரிந்தோம். எதையும் தொட்டுத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

"பெருசும் தூங்கல போல" என்றார். "என் அளவு தெரிஞ்சிருக்கு."