எஞ்சினை வைத்து ஆடியவர்

படகு எஞ்சின் பழுது பார்க்கிற தொழிலில் காத்திருப்பவர்கள் அதிகம். காத்திருப்பவர்கள் சீட்டுக்கட்டை எடுப்பார்கள். அன்று எங்கள் தீவில், சாத்தம் துறைப் பக்கத்து என் பட்டறையில் இருந்தவர்கள்: தூத்துக்குடி அருளப்பன், வங்காளி பிஸ்வாஸ், தெலுங்கர் அப்பாராவ், நான். ஆடியவர் மூவர், ஆடாதவன் ஒருவன். சூதாடியோடு ஒரே கூரையில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம்.

ஒரே ஒரு சீட்டு

பாறையில் மோதி, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் எஞ்சின் விசிறி உடைந்ததென்று அருளப்பன் வந்திருந்தார். நான் புது விசிறி மாட்டி முடிப்பதற்குள் ரம்மியில் ஐந்து ஆட்டம் தோற்றார். மோசமாகத் தோற்ற நான்கையும் அங்கேயே மறந்துவிட்டார். நூலிழையில் நழுவிய ஐந்தாவதைத்தான், ஏதோ பரிசு வாங்கியவர் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆட்டின் ஏழு, ஒரே ஒரு சீட்டு, வந்திருந்தா! பக்கத்துல வந்துட்டேன் அண்ணாச்சி. இனி விடக்கூடாது."

யார் கையில்

வெறும் வலையோடு கரை திரும்பும் நாளில் அருளப்பன் நேரே பட்டறைக்கு வந்து ஆட உட்கார்ந்துவிடுவார். சீட்டை உருவும்போது கண்ணை மூடி, விரலால் தடவித் தடவி எடுப்பார். கலைத்துப்போட்ட கட்டில் தடவி என்ன ஆகப்போகிறது என்று, கூச்சத்தை விட்டு ஒருநாள் கேட்டேன்.

"கடல்ல வலையை நான் போடுதேன், மீனை அது குடுக்குது. இங்க நானே எடுக்கேன் அண்ணாச்சி, நானே!"

ஜெயித்த நாள்

ஒருநாள் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்தார். அவர் மனைவி ரோசம்மாள் சோற்றுத் தூக்கோடு வாசலில் வந்து நின்றார். ஜெயித்திருக்கிறார், சந்தோஷமாகக் கூட்டிப்போங்கள் என்றேன். அவர் தூக்கை என் மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தோத்தா வீட்டுக்கு வந்துருவாவ அண்ணாச்சி. செயிச்ச அன்னைக்குத்தான் வரமாட்டாவ."

எஞ்சின்

அடுத்த வாரம் கையிலிருந்ததெல்லாம் போய், தன் படகு எஞ்சினையே பணயம் வைத்தார். "சோடோ பாய், எஞ்சின் நஹி," விட்டுவிடு, எஞ்சின் வேண்டாம் என்று பிஸ்வாஸே தடுத்துப் பார்த்தார். அருளப்பன் கேட்கவில்லை. கடைசிச் சீட்டைத் திருப்புமுன் அவர் முகம் இளைஞன் முகமாக இருந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் மீன் பிடித்து வந்த எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை. சீட்டு திரும்பியது.

எஞ்சினைக் கழற்றி பிஸ்வாஸின் படகில் மாட்டியவன் நான்தான். என் வேலை அது. அருளப்பனும் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். பிறகு மூலையில் கிடந்த உடைந்த பழைய விசிறியைக் காட்டினார்.

"அதை எடைக்குப் போட்டுராதீங்க அண்ணாச்சி. எஞ்சின் திரும்பி வந்ததும் மாட்டணும்."

எல்லாம் கழித்துப் பார்த்தால், இன்று அவர் பெயரில் என் பட்டறையில் இருப்பது மூன்று இதழ் விசிறி ஒன்று, அதில் ஒடியாமல் மிஞ்சியது இரண்டு.