வாசம் வருதா?

எங்கள் வீட்டில் காபி போடுவது நான்தான். விருதுநகர் பக்கம் இருக்கிற என் அண்ணன்மார்களுக்குத் தெரிந்தால் ஒரு வாரம் வைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேலைக்கென்று இந்தச் சென்னைப் பக்கம் வந்தவன், வருஷங்கள் ஓடிப்போய், இங்கேயே ஆளாகிவிட்டேன். சேரப்பணஞ்சேரியில் வாடகை வீடு. ஒரகடத்தில் எஞ்சின் உதிரிபாகம் கடைகிற தொழிற்சாலையில் வேலை. மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நானும் மனைவியும் மட்டும்.

காபி போடும் அந்தச் சாமான் எனக்கு ஓசியில் வந்தது. எங்கள் லைனில் புது மெஷின் பூட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், ஊர் திரும்பும்போது பெட்டியில் இடமில்லை என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடிக் குடுவை, மூடி, மூடி நடுவில் ஒரு கம்பி, கம்பியின் அடியில் வட்டமாக ஒரு வலை. பிரெஞ்ச் பிரஸ் என்றார். பொடியைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, கொஞ்சம் பொறுத்துக் கம்பியை அழுத்தினால் சக்கை அடியில் தங்கிவிடும், அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதான் என்று சொல்லப்பட்ட எந்த மெஷினும் முதல் நாளே ஒழுங்காக ஓடி நான் பார்த்ததில்லை.

இதுவும் ஓடவில்லை. வீட்டில் இருந்த பில்டர் காபிப் பொடியைத்தான் போட்டேன். மாவு மாதிரி நைஸாக அரைத்து, சிக்கரி கலந்த பொடி. அது வலையில் போய் அடைத்துக்கொண்டது. கம்பி பாதியில் நின்றுவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு கம்பி என்னை எதிர்ப்பதா என்று இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். மூடி ஓரமாகக் காபி பீய்ச்சி அடித்து, சுவரில் இருந்த காலண்டரையும் இஸ்திரி போட்ட யூனிபார்மையும் ஒரே நேரத்தில் நனைத்தது. மனைவி சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டு ஓனரம்மா மேலே ஏறி வந்துவிட்டார்.

"இன்னா தம்பி இது, சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பு மாரி கீது? இதுலயா காபி போட்டுக் குடிக்கிறீங்க?"

"காபி போடலக்கா, செவுத்துக்கு வெள்ளையடிக்கிறாரு" என்றாள் என் மனைவி.

மறுநாள் அவள் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். தண்ணீருக்குப் பதில் கொதிக்கிற பாலையே ஊற்றினால் என்ன? ஊற்றினோம். பால் ஏடும் பொடியும் சேர்ந்து வலையில் ஒட்டிக்கொண்டு, அதைக் கழுவி எடுப்பதற்குள் எனக்குக் கம்பெனி பஸ் போய்விட்டது. பிரெஞ்ச் பிரஸ் பரண் மேல் ஏறியது. பழைய பில்டரே கதி என்று இருந்தோம்.

அது பரணிலேயே இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை என்று அர்த்தம்.

ஊரெல்லாம் வந்த அந்தக் காய்ச்சல் எங்கள் இருவருக்கும் வந்தது. எனக்கு வந்த சுவடு தெரியாமல் போனது. அவளுக்குக் காய்ச்சல் போனது, வாசனையும் கூடவே போய்விட்டது. முதலில் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் ஆகிறது, பத்து நாளில் வந்துவிடும் என்றார்கள். மற்றவர்களுக்கு வந்தது. இவளுக்கு வரவில்லை.

அவள் அப்போது பொடி செய்து விற்றுக்கொண்டிருந்தாள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சுக்குமல்லிப் பொடி. சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் அறையெடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற எங்கள் தெற்கத்திப் பிள்ளைகள்தான் வாடிக்கை. ஊர் ருசிக்கு ஏங்கிக் கிடப்பவர்கள், வாங்கியவனே நாலு பேரைக் கூட்டிவருவான். அவள் வறுப்பதைப் பார்க்க வேண்டும். சட்டியில் உளுந்தைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கே இருந்தாலும் சரியாக வந்து இறக்குவாள். கேட்டால், "வாசம் கூப்பிடுதுல்ல" என்பாள். காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு முறை வறுத்தாள். இரண்டு முறையும் கருகியது. அதைவிட, கருகியது தெரியாமல் அடுப்பின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். நான்தான் கூடத்திலிருந்து ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு வறுப்பதை நிறுத்தினாள். அழவில்லை. டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

தாம்பரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இதற்கு மருந்து கிடையாது என்றார். நரம்பு தானாகத் தேறி வரலாம், வராமலும் போகலாம். தினமும் காபி, கிராம்பு, எலுமிச்சை என்று வாசனை தூக்கலான பொருட்களை முகர்ந்துகொண்டே இருங்கள், பலன் உண்டு என்றார்.

நான் பரணில் ஏறிப் பிரெஞ்ச் பிரஸ்ஸை இறக்கினேன். காரணம் இருந்தது. பில்டர் என்பது மூடிவைத்த சமாசாரம், வாசனை உள்ளேயே அடங்கிக் கிடக்கும். இதிலோ வாய் திறந்த குடுவையில் பொடி மிதக்கும், வெந்நீர் பட்டதும் நுரைத்துப் பொங்கும், மூடிபோடும் வரை வாசனை முழுக்க மேலேதான் வரும். குனிந்து நின்றால் முகத்திலேயே அடிக்கும். இந்தத் தடவை அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். படப்பையில் காபிப்பொடி அரைக்கிற கடையில் போய், சிக்கரி இல்லாமல் ரவை மாதிரி கொரகொரப்பாக வேண்டும் என்றேன்.

கடைக்காரர் அரவை மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ரவை மாரி அரைச்சா டிகாஷன் எறங்காது சார். வூட்ல திட்டப்போறாங்க."

"திட்டட்டும், அரைங்க" என்றேன்.

அதன்பின் தினமும் விடிந்ததும் இதுதான் வேலை. தண்ணீர் கொதித்து அடங்கியதும் பொடியின் மேல் ஊற்றுவேன். ஒரு கலக்கு. நுரை எழும்போது அவளைக் கூப்பிடுவேன். கூந்தலை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு குடுவை மேல் குனிவாள். கண்ணை மூடி மெதுவாக இழுப்பாள்.

"வருதா?"

"இல்லங்க."

மூடியை வைத்து மெல்ல அழுத்துவேன். பால் கலந்து இரண்டு தம்ளரில் ஊற்றுவேன். அவள் குடிப்பாள். இனிப்பும் கசப்பும் மட்டும் நாக்குக்குத் தெரியும், மீதி வெந்நீர்தான் என்பாள். நான் விடவில்லை. லைனில் ஒரு மெஷின் தப்பாகக் கடைந்தால் என்ன செய்வோம், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போமே, அதே புத்தி. பொடியைக் கூட்டினேன். குடகுக் காபி வாங்கினேன், ஏற்காட்டுக் காபி வாங்கினேன். கருக வறுத்ததை வாங்கினேன். ஷிப்ட் மாறினால் காபி நேரமும் மாறும், ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டேன், வருதா? ஒவ்வொரு நாளும் அவள் இல்லை என்றாள். கொஞ்ச நாளில் வாயால் சொல்வதை விட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு எரிச்சல் வரும். அவள் மேல் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் தம்ளரை வைக்கும்போது சத்தம் வரும்படிதான் வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"லேசா வருதுங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான். தூரத்துல யாரோ காபி போடுற மாதிரி."

ஓனரம்மாவிடம் சொன்னேன், லைனில் எல்லாரிடமும் சொன்னேன், மகனுக்குப் போன் போட்டேன். லீவு நாளில் மணிமங்கலத்துப் பெருமாள் கோயிலுக்குப் போய் ஒரு துளசி மாலை சாத்தினேன். அந்தப் பொடி வாங்குகிற பிள்ளைகளுக்கும் நானே சொல்லிவிட்டேன், அக்காவுக்குச் சரியாகிவிட்டது, இனி பொடி கிடைக்கும் என்று. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவிழ்ந்திருந்த டப்பாக்களை அவள் நிமிர்த்தினாள்.

வறுக்கும்போது இப்போது சட்டியை விட்டு நகரமாட்டாள். சில நேரம் என்னைக் கூப்பிடுவாள். "என்னங்க, இங்கன வந்து நில்லுங்களேன், சும்மா." நானும் போய் நின்று, "போதும், வாசம் வந்துருச்சு, இறக்கு" என்பேன். ஏதோ கொஞ்சுகிறாள் என்று நினைத்துப் பெருமையாக இருந்தது. என்னைப் போல ஒரு மடையன் இந்தப் பக்கத்தில் கிடையாது.

ஒரு மழைக்காலத்துக் காலை. கரண்ட் இல்லை. சமையலறையில் இருட்டு, எனக்கு பஸ்ஸுக்கு அவசரம். பொடி டப்பாக்கள் பெருகியபோது அவள் அலமாரியை மாற்றி அடுக்கியிருந்தாள். எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா. கைக்கு வந்ததைத் திறந்து மூன்று கரண்டி போட்டு வெந்நீரை ஊற்றினேன். சுக்கும் மல்லியும் குப்பென்று என் மூக்கில் ஏறின. டப்பா மாறிவிட்டது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வழக்கம்போல் வந்து குனிந்துவிட்டாள். கூந்தலை ஒதுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, நன்றாக இழுத்தாள்.

"இன்னைக்குக் காபி வாசம் கும்முன்னு வருதுங்க" என்றாள்.

மூடியை வைத்தேன், கம்பியை அழுத்தினேன், பால் கலந்தேன், தம்ளரில் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கை தவறியதுபோல் கொட்டியிருக்கலாம். அவளும் சொன்னதைச் சொன்னபடி இருந்திருப்பாள், நானும் நம்பியதை நம்பியபடி இருந்திருப்பேன்.

ஒரு வாய் குடித்தாள். சுக்கின் காரம் தொண்டையில் பிடித்தது. வாசனை தெரியாவிட்டாலும் காரம் தெரியும். தம்ளரை மேடையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுக்குமல்லியா?"

"ஆமா. டப்பா மாறிருச்சு."

கீழே தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நான் போகவில்லை. அது அடித்துவிட்டுப் போய்விட்டது.

"எப்பருந்து வரல?" என்று கேட்டேன்.

"எப்பயுமே வரலங்க."

"பின்ன எதுக்கு வருதுன்னு சொன்ன?" என் குரல் உயர்ந்துவிட்டது.

அவள் குரல் உயரவில்லை. "விடிஞ்சதும் அந்தக் குடுவையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறீக. வரலன்னு சொன்னா உங்க மொகம் செத்துப்போகுது. வாசம் போச்சேன்னு நான் கவலப்படுறதா, உங்க மொகத்தப் பாத்து உங்களத் தேத்துறதா? ரெண்டையும் என்னால முடியல. அதான் வருதுன்னு சொல்லிட்டேன்."

இத்தனை நாளும் அவளுக்காக என்று நான் செய்ததெல்லாம் அவள் தலையில் இன்னொரு சுமையாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. வைத்தியம் என்று நினைத்து, விடிந்தால் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். அவமானமாக இருந்தது. "காபிய விடு. இனிமே கேக்க மாட்டேன்" என்றேன்.

"காபி வாசம் வராட்டி போகட்டுங்க. அது என்ன, கண்ணால பாத்துக் குடிச்சுக்கிருவேன்."

அப்போதுதான், முதல் முறையாக, வேறு கேள்வி ஒன்று எனக்குத் தோன்றியது. "வேற எது வராததுதான் உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?"

அடுப்பு மேடையைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"நீங்க வேலை முடிஞ்சு வருவீகல்ல, அந்த மிஷின் ஆயில் வாடை. நீங்க வாசல்ல செருப்பு கழட்டுறப்பவே அடுப்படிக்கு வந்துரும். வந்துட்டாகன்னு அடுப்புல பாலை வைப்பேன். இப்ப நீங்க பக்கத்துல வந்து நின்னாக்கூடத் தெரிய மாட்டேங்குது. எந்நேரமும் வீட்ல யாரும் இல்லாத மாதிரியே இருக்கு."

அந்த நாற்றத்துக்காக அவள் என்னைத் திட்டாத நாள் இல்லை. யூனிபார்மைத் தனி வாளியில் போடு, குளிக்காமல் மெத்தையில் உட்காராதே என்று விரட்டுவாள். காய்ச்சலுக்குப் பிறகு அந்தத் திட்டு நின்றதை நான் நிம்மதி என்று எண்ணியிருந்தேன்.

பொடி வியாபாரத்தை விட்டுவிட்டோம். காபி இன்னமும் நான்தான் போடுகிறேன், அதே பிரெஞ்ச் பிரஸ்ஸில். அவளைக் கூப்பிடுவதில்லை, கலந்து தம்ளரோடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலிலேயே நின்று, "வந்துட்டேன்" என்று உரக்கச் சொல்கிறேன். சில நாள் களைப்பில் மறந்துவிடுவேன். சமையலறைக்குள் நான் கால் வைத்ததும் அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள், யாரோ அந்நியன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல. பிறகு நான்தான் என்று பார்த்துச் சிரிப்பாள்.