மச்சானில் கொழுவிய கயிறு

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய களஞ்சியத்துக்குக் கூரை மாற்றும் வேலை. நான் பாதுகாப்பு மேற்பார்வையாளர். உயரம் என்றால் எனக்குப் பயம். அதனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்து மேற்பார்வை செய்தேன். படிவத்தில் ஒரேயொரு கேள்வி: இடுப்பில் பாதுகாப்பு பெல்ற் போட்டிருக்கிறார்களா? எல்லோரும் போட்டிருந்தார்கள். அதன் கயிற்றை எங்கே மாட்டிக் கொழுவியிருக்கிறார்கள் என்று படிவம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மேலே நின்றவர்களில் ஒருவன் என் தங்கையின் கணவன். சல்லி என்ற கடற்கரை ஊர்க்காரன், சங்கு குளித்த குடும்பம். கடலில் வருமானம் குறைந்ததால் நான்தான் இந்த வேலைக்குக் கூட்டிவந்தேன். "அவரைப் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணா" என்று தங்கை சொல்லியிருந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், முப்பதடி கீழே நின்று.

ஒருநாள், மேற்பார்வையாளர் கூரையில் நிற்கும் படம் வேண்டும் என்றார் வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர். ஏறினேன். பாதி ஏணியிலேயே எனக்குத் தெரிந்த தெய்வங்களெல்லாம் தீர்ந்துபோயின. மேலே பார்த்தால், ஆளாளுக்குக் கயிற்றை வளைத்துத் தங்கள் பெல்ற்றிலேயே கொழுவியிருந்தார்கள்.

"இதென்ன கூத்து?" என்றேன்.

"வேற எங்க கொழுவுற மச்சான்? இங்க ஒண்டும் இல்லையே" என்றான் தங்கையின் கணவன்.

அது உண்மை. கொழுவுவதற்குக் கம்பி கட்டுவித்திருக்க வேண்டியவன் நான்.

அவனே ஒரு வழி கண்டான். அவர்கள் குடும்பத்தில், சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை மனைவியின் சகோதரன்தான் பிடிப்பானாம். கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்ற கணக்கு. "இனி எனக்குப் பயமில்லை" என்று தன் கொழுக்கியை என் பெல்ற்றில் மாட்டினான். கொஞ்சம் தள்ளி நின்றால் பின்னாலுள்ள துறைமுகமும் படத்தில் விழும் என்றான் படமெடுத்தவன்.

தங்கையின் கணவன் இரண்டு எட்டு வைத்தான். பழைய கூரைச் சீற் உடைந்து இடுப்புவரை உள்ளே போய்விட்டான். கீழே ஓடிய இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கயிறு என்னை இழுத்தது. என் கை கொழுக்கிக்குப் போனது. கழற்றத்தான். யோசித்துச் செய்யவில்லை, அதுதான் கொடுமை. அவன் என் கையைப் பார்த்தான். நான் கையை எடுத்துவிட்டுக் குப்புறப் படுத்தேன். மற்றவர்கள் பலகை போட்டு அவனைத் தூக்கியெடுத்தார்கள். தொடையில் கீறல், அவ்வளவுதான்.

வேலையை நிறுத்தினேன். இரண்டு நாளில் கூரையின் நீளத்துக்குக் கம்பி வந்தது, நடக்கப் பலகை வந்தது. படிவத்தில் இரண்டாவது கேள்வியை நானே சேர்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. சீற் உடைந்த கதையை அவன் என் தங்கையிடம் சொன்னான். என் கை கொழுக்கிக்குப் போன கதையைச் சொல்லவில்லை.

இப்போது நானும் தினமும் ஏறுகிறேன். போன வாரம் கம்பியின் ஒரு முனை தளர்ந்து, அதைக் கழற்றித் திருத்திக்கொண்டிருந்தார்கள். தங்கையின் கணவனுக்கு ஒரேயொரு ஆணி முறுக்கத்தான் மிச்சம்.

"கொஞ்ச நேரந்தானே, என்னில கொழுவுங்கோ" என்றேன்.

"வேண்டாம் மச்சான். கம்பி வரட்டும்" என்று ஏணியால் இறங்கிப் போனான்.

பாதுகாப்பு விதிப்படி அவன் செய்ததுதான் சரி.