கொதித்தாறின தண்ணீர்

சுபானி குழாயின் வாயில் நெருப்பு வைக்கிறாள். கைக்குள் அடங்கும் எரிவாயு விளக்கின் சுடர் பித்தளையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஈரம் சீறி அடங்கி, குழாய் வாயில் ஒட்டிய கிருமி சாகும்வரை அவள் கண் எடுப்பதில்லை. மாட்டுக் கொட்டிலின் கதவில் சாய்ந்து நிற்கும் அல்பேர்ட் கிழவர் வருடந்தோறும் சொல்லும் பகிடியை இந்த வருடமும் சொல்கிறார்: தண்ணீர் எடுக்க வந்தாயா, குழாயைச் சுட்டுத் தின்ன வந்தாயா? சுபானி சிரிப்பதில்லை. சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் போத்தலின் வாய் எங்காவது முட்டும், முட்டினால் அந்தப் போத்தல் குப்பைக்கு. மூடியைச் சுண்டுவிரலில் மடக்கிப் பிடித்தபடியே நிரப்பி, மூடி, எண் எழுதி, குளிர்ப்பெட்டிக்குள் வைத்த பிறகுதான் சிரிப்பாள். அல்பேர்ட்டும் அதுவரை காத்திருப்பார்.

ஜெர்மனியில், ஹனோவரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் ஓடினால் வரும் மாவட்டம் அது. மனிதரைவிடப் பன்றிகள் அதிகம், பன்றிகளைவிடச் சோளம் அதிகம். அந்த மாவட்டத்தின் சுகாதார அலுவலகத்தில் சுபானி பதினோராவது வருடமாகக் கண்காணிப்பாளர். பொதுக்குழாய் எட்டிப் பார்க்காத ஒதுக்குப்புற வீடுகளின் கிணறுகள், விளையாட்டு மண்டபங்களின் குளியலறைகள், கோடையில் பிள்ளைகள் குதிக்கும் குளங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. பிடித்த தண்ணீர் மதியம் ஒரு மணிக்குள் ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஐந்துக்குப் போனால் அங்கிருக்கும் பெண் வாங்கமாட்டாள். எனவே சுபானியின் காரில் மதியச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. கியர் பக்கத்தில் ஒரு டப்பா இடியப்பம் கிடக்கும். சிவப்பு விளக்குகளில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

தாய் சந்திரகாந்திக்கு இந்த உத்தியோகத்தில் பெருமையும் இருக்கிறது, வயிற்றெரிச்சலும் இருக்கிறது. "ஊரில தண்ணி அள்ளிக் கை காய்ச்சது காணும் எண்டு இஞ்ச ஓடி வந்தம். இவள் படிச்சுப்போட்டு வெள்ளைக்காரனுக்குத் தண்ணி அள்ளுறாள்" என்று வுப்பர்டாலில் இருந்தபடி தொலைபேசியில் புலம்புவார். அதே வாயால் அடுத்த வீட்டுக்காரியிடம், "மகள் அம்ட்டில, சுகாதாரக் கந்தோரில, பெரிய ஆள். அவள் ஒரு கையெழுத்து வைச்சால் நீச்சல் குளத்தையே பூட்டோணும்" என்பார். இரண்டும் உண்மைதான்.

அவளை விருந்துக்குக் கூப்பிடுவதில் உறவுக்காரருக்கு ஒரு தயக்கம் உண்டு. எசனில் ஒரு பெரியம்மா வீட்டில் கை கழுவப் போனவள் அரை மணி நேரமாகத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் குளியலறையின் பூவாளியைக் கழற்றி வைத்துக்கொண்டு, உள்ளே படிந்த சுண்ணாம்பைப் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தூரிகை பெரியப்பாவுடையது. கிராமத் திருவிழாக்களிலும் இதே கதைதான். அவள் கார் தெருமுனையில் தெரிந்ததும் பியர்க் கூடாரத்துக்காரர்கள் தோட்டத்துப் பச்சைக் குழாயைச் சுருட்டி மேடைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். குடிதண்ணீருக்கு அது ஆகாது. சுபானி குனிந்து, மேடைக்கு அடியிலிருந்து அதை இழுத்தெடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு அவர்கள் கையிலேயே கொடுப்பாள்.

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிறவள் அல்ல. தண்ணீர் கலங்கியே வந்தாலும், முட்டை நாற்றமே அடித்தாலும், வீட்டுக்காரர் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் ஒரே பதில்தான். ஜெர்மன்காரருக்கு ஜெர்மனில், தமிழருக்குத் தமிழில்: "பாப்பம். லபோர் சொல்லட்டும்." ஆய்வுகூடத்தின் தாள் வரும்வரை அவளிடமிருந்து ஒரு சொல்லும் பெயராது. பதினொரு வருடத்தில் ஒரே ஒரு நாள் அந்தத் தாளுக்கு அவள் காத்திருக்கவில்லை. அந்த நாளைப் பற்றிச் சொல்லாமல் சுபானியைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை.

சென்ற புரட்டாதியில் நடந்தது. மாவட்டத்தின் வடக்கு மூலையில், சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு பழைய பண்ணை வீட்டைத் தபோதரன் என்பவர் வாங்கியிருந்தார். ஹனோவரில் ஒரு கிடங்கில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். இருபது வருடம் எசனில் நான்காம் மாடியில் வாடகைக்கு இருந்த மனிதர், இப்போது சொந்த வீடு, சொந்தக் கிணறு என்று நெஞ்சு நிமிர்ந்து திரிந்தார். கிணறு கைமாறினால் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அவர் ஒழுங்காக அறிவித்திருந்தார். சுபானிதான் குளங்களின் வேலை தலைக்குமேல் கிடந்ததால், சோதிக்க நாள் குறித்த அந்தத் தெர்மினை ஒரு தரம் தள்ளி வைத்தாள். பிறகு இன்னொரு தரமும் தள்ளி வைத்தாள்.

"இதை லபோருக்கு அனுப்பவே தேவையில்லைத் தங்கச்சி" என்றார் தபோதரன், பம்பை வருடியபடி. "எசனில இருந்து ஆக்கள் கான் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போகினம். இந்தத் தண்ணியில தேத்தண்ணி போட்டால் தனி ருசி எண்டு சொல்லுகினம்."

"பாப்பம் அண்ணை. லபோர் சொல்லட்டும்."

ஆனாலும் அவளிடம் காகிதக் குச்சிகள் இருக்கும். தண்ணீரில் தோய்த்து ஒரு நிமிடம் பிடித்தால் நைட்ரேட் எவ்வளவு என்று நிறம் காட்டும். வயலில் கொட்டும் உரமும் பன்றிச் சாணமும் வருடக்கணக்காக ஊறி இறங்கி நிலத்தடித் தண்ணீரில் சேர்ந்தால் வருவது அது. மணமும் இல்லை, ருசியும் கெடாது. குச்சி கடும் இளஞ்சிவப்பாகியது. லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். இது நூறு.

"வடிவான கலர்" என்றார் தபோதரன்.

"அண்ணை, வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கினமோ?"

"ஓம், மகன் இருக்கிறார். சேயோன். கலியாணம் முடிச்சு எட்டு வருசம் கழிச்சு வந்தவர், இப்ப ரெண்டு மாதம்." முகமெல்லாம் சிரிப்பு. "நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. அவருக்குப் பச்சைத்தண்ணி குடுக்கிறேல்லை. எல்லாம் கொதிச்சாறின தண்ணிதான்."

சுபானி போத்தலைக் கீழே வைத்தாள். மூடி திறந்தபடியே இருந்தது. பதினொரு வருடத்தில் அவள் மூடாமல் கீழே வைத்த ஒரே போத்தல் அதுதான்.

தபோதரன் பின்னால் வர, வீட்டுக்குள் போனாள்; அடுப்படியில் அவர் மனைவி மிதுசா நின்றாள். அடுப்பில் ஒரு பெரிய பானை, மெல்லிய நெருப்பில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குத் தாய்ப்பால் மூன்றாம் கிழமையோடு நின்றுவிட்டது. புட்டிப்பால் கரைப்பது இந்தத் தண்ணீரில்தான். "காலமை வைச்சால் இரவு மட்டும் அடுப்பிலதான் அக்கா. வத்த வத்த ஊத்துவன். ஒரு கிருமியும் மிஞ்சாது" என்றாள், பரீட்சையில் நல்ல பதில் எழுதிய பிள்ளையைப்போல.

கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து சுபானி இன்னொரு குச்சியைத் தோய்த்தாள். அது இளஞ்சிவப்பில் நிற்கவில்லை. கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்குப் போனது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கொதிக்க வைச்சால் கிருமி சாகும் மிதுசா. ஆனா இது கிருமியில்லை, உப்பு மாதிரி. குழம்பு வத்தினால் உப்புக் கூடுமெல்லோ?"

மிதுசாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சமைக்கிற எவருக்கும் தேவைப்படாது. அவள் கை தானாக நீண்டு அடுப்பை அணைத்தது.

"பிள்ளை எங்க?"

"படுத்திருக்கிறார். நல்ல பிள்ளை அக்கா, அழுறதே இல்லை. பால் குடிச்ச உடன நித்திரை."

நல்ல பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் சுபானி பிள்ளை படுத்திருந்த அறைக்கு விரைந்தாள். இந்தத் தண்ணீர் பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது. ஆனால் பச்சைக் குழந்தையின் இரத்தத்தை மூச்சுக்காற்றைச் சுமக்கவிடாது. பிள்ளை சோர்ந்து சோர்ந்து தூங்கும், மெல்ல மெல்ல நீலம் பாரிக்கும். வெள்ளைப் பிள்ளையென்றால் கன்னத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் பிள்ளைகளின் மாநிறத்தில் அது ஒளிந்துகொள்ளும். பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்த்த தாதி, பிள்ளை கொஞ்சம் கறுத்திருக்கிறதே என்று மிதுசா கேட்டதற்கு, உங்கள் நிறம் இப்போதுதான் வருகிறது என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சுபானி கன்னத்தைப் பார்க்கவில்லை. கீழுதட்டை விரலால் மெல்ல விரித்து உள்ளே பார்த்தாள். சிவந்திருக்க வேண்டிய இடம் நாவற்பழம் தின்ற வாய்போல இருந்தது.

தொலைபேசியில் அவள் பேசியது நான்கு வசனம். நைட்ரேட், கைக்குழந்தை, உதட்டின் உட்பக்கம் நீலம், மருத்துவரோடு வண்டி வேண்டும். வண்டி வரப் பதினாறு நிமிடமாகும் என்றார்கள். தபோதரன் வழிகாட்ட வீதிக்கு ஓடினார். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

மிதுசா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்காலைத் தட்டித் தட்டி எழுப்பியபடி கேட்டாள்: "நான் என்ரை கையாலதானே அக்கா குடுத்தனான்?"

சுபானி பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். "நீங்கள் கவனமாத்தான் குடுத்தனீங்கள். நான்தான் பிந்தி வந்தனான். இந்தத் தெர்மினை ரெண்டு தரம் தள்ளி வைச்சது நான். முதல் சொன்ன நாளுக்கு வந்திருந்தால் உங்கட பானைக்கு வேலையே வந்திருக்காது."

மிதுசா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுபானிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு பேருமாகப் பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சேயோன் பிழைத்தான். நீலத்துக்கு மருந்தும் நீலமாகவே இருக்கிறது என்பதை மிதுசா இன்றைக்கும் எல்லாரிடமும் ஆச்சரியப்பட்டுச் சொல்கிறாள். நரம்பில் அதை ஏற்றிய ஒரு மணி நேரத்தில் உதடு சிவந்ததாம். நான்கு நாளில் வீட்டுக்கு விட்டார்கள். அன்று சுபானியின் பெட்டியில் இருந்த ஆறு வீட்டுத் தண்ணீரும் ஒரு மணியைத் தாண்டிப் பாழாயிற்று. மறுகிழமை ஆறு வீட்டுக்கும் திரும்பப் போய்க் குழாய்களைச் சுட்டாள். அலுவலகத் தலைவி நடாலி அவளைத் தனியே கூப்பிட்டு, நீ செய்தது பெரிய காரியம், ஆனால் தெர்மினைத் தள்ளி வைத்ததை மட்டும் அறிக்கையில் எழுதாதே என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். சுபானி அதை முதல் வரியில் எழுதினாள்.

தபோதரனுக்குத்தான் ஆற நாளெடுத்தது. பிள்ளையைக் காப்பாற்றியவள்தான் கிணற்றையும் மூடச் சொல்லி வந்தவள். எப்படி முகம் பார்ப்பது? கட்டளைத் தாளைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். சுபானி நேரே கொண்டுபோனாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்தார்.

"கான் கொண்டு போன ஆக்களின்ரை பேர் கேப்பியள் எண்டு தெரியும் தங்கச்சி. நீங்கள் எடுக்க வேண்டாம். நானே எடுக்கிறன்."

பதினொரு வீடு. அவள் முன்னாலேயே ஒவ்வொன்றாக அழைத்தார். தன் தண்ணீரை ஊரெல்லாம் புகழ்ந்த அதே வாயால், "எங்கட தண்ணி கூடாதாம், ஊத்திப்போடுங்கோ. ஓம், லபோரும் சொல்லிப்போட்டுது. ஓம், என்ரை பிழைதான்" என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டார். ஏழாவதாக எசன் இளங்கீரன். அவர் வீட்டில் ஒரு மாதப் பிள்ளை. தபோதரன் தொலைபேசியை நீட்டினார். சுபானி வாங்கி, பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான் என்று மறுமுனை சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள். தலையாட்டியது எசனுக்குக் கேட்குமா? தபோதரன்தான் தொலைபேசியைத் திருப்பி வாங்கி, "அவ ஓம் எண்டுறா" என்றார்.

அவளுடைய படிவத்தில் கிணற்றின் ஆழத்துக்கு இடமுண்டு, பம்பின் வயதுக்கு இடமுண்டு, மூடியின் நிலைக்கு இடமுண்டு. வீட்டில் குழந்தை உண்டா என்பதற்கு இடமில்லை. அவள் கேட்கத்தான் கேட்கிறாள். கேட்டால், இல்லை என்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் வந்து தங்கும் பேரக்குழந்தையையோ, மேல்மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களையோ யாரும் நினைப்பதில்லை. பொய்யும் இல்லை, மறதிதான்.

போன செவ்வாய்க்கிழமை, இதுவரை போகாத ஒரு பண்ணையின் முற்றத்தில் காரை நிறுத்தினாள். பிள்ளைகள் யாரும் இல்லை, நானும் கணவரும் மட்டும்தான் என்று வீட்டுக்காரி வாசலிலேயே சொல்லிவிட்டாள். சுபானி நன்றி சொன்னாள். ஆனால் காரின் பின்கதவைத் திறந்து பெட்டியை எடுக்கவில்லை. வீட்டின் பக்கவாட்டில் கொடிகட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். அங்கே நடந்தாள். வேலைக் காற்சட்டைகள், துவாய்கள், பெரியவர்களின் காலுறைகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவள், கடைசியில் தொங்கிய ஈரப் படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, குனிந்து, அதன் பின்னாலும் பார்த்தாள்.