மச்சானின் முதல் விருந்தாளிகளும் என் கடவுச்சொற்றொடரும்

யுத்தம் முடிந்த சில வருடங்களில், பெரிய பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடல்மேல் பாய்கிற வெள்ளைக்காரர்கள் ஆலங்குடாவுக்கு வரத் தொடங்கினார்கள். என் மனைவியின் நானா, அதாவது அவளுடைய அண்ணன், என் மச்சான், அவர்களை நம்பிக் கடற்கரையில் மூன்று ஓலைக் குடில்கள் கட்டினார். மின்னஞ்சல் பார்க்கும் பொறுப்பு எனக்கு. கொழும்பில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன் என்று ஊரெல்லாம் நானே சொல்லிவைத்திருந்ததால் தப்ப வழியில்லை.

முதல் முன்பதிவே ஆறு பேர், பத்து நாட்கள். மச்சானுக்குத் தூக்கமில்லை. அந்தக் குழுவின் தலைவி தன் நாட்டில் கணினிப் பாதுகாப்பு வேலை செய்பவராம். பாஸ்போர்ட் பிரதிகளை வெறும் மின்னஞ்சலில் அனுப்பமாட்டேன், குறியாக்கம் செய்துதான் அனுப்புவேன் என்றார். அதற்கு என் மெயில் மென்பொருளில் இரண்டு திறப்புகள், அதாவது சாவிகள், உருவாக்க வேண்டும். பொதுத் திறப்பை யாருக்கும் கொடுக்கலாம். அதை வைத்து அவர் கடிதத்தைப் பூட்டுவார். அதைத் திறக்கிற இரகசியத் திறப்பு என்னிடமே இருக்க வேண்டும். நான் மிகுந்த மரியாதையோடு இரகசியத் திறப்பை அவருக்கு அனுப்பிவைத்தேன்.

"தயவுசெய்து அதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்" என்று பதில் வந்தது. அந்தத் தயவில் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

இரண்டாம் தடவை சரியாகவே செய்தேன். இரகசியத் திறப்புக்குக் காவலாக நீளமான கடவுச்சொற்றொடர் வேண்டுமென்று மென்பொருள் கேட்டது. யாரும் ஊகிக்க முடியாத ஒன்றை, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்தேன்.

அவர்கள் வரவேண்டியது வெள்ளிக்கிழமை. வியாழன் காலை மின்னஞ்சல் பெட்டியைப் பார்த்தால், பூட்டிய கடிதம் ஒன்று. தலைப்பு மட்டும் பூட்டில்லாமல் தெரிந்தது: "விமான நேரம் மாறிவிட்டது." எந்த நேரமென்பது உள்ளே. கடவுச்சொற்றொடரை அடித்தேன். பிழை என்றது. மெதுவாக அடித்தேன். பிழை. பிஸ்மி சொல்லி அடித்தேன். அதற்கும் பிழை. தலைவியின் தொலைபேசியோ அணைந்து கிடந்தது.

சேதி கேட்டு மச்சான் வேனோடு வந்து நின்றார். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மூன்றரை மணித்தியால ஓட்டம்.

"எத்தன மணிக்காம் மச்சான்?" என்று என்னைக் கேட்டார்.

"தெறக்குதில்ல."

"ஆறு மாசமும் பூட்ட மட்டுமா படிப்பிச்சாங்க?"

மனைவி எட்டிப் பார்த்தாள். "அன்டைக்கு பள்ளிவாசல் நோட்டீஸ் தமிழில அடிச்ச கையோடதானே இதயும் செஞ்சீங்க? கீபோர்ட் தமிழிலயே இருந்திரிக்கும்."

அதேதான். கடவுச்சொல் கட்டத்தில் வெறும் புள்ளிகள்தானே தெரியும்? ஆங்கிலமென்று நான் அடித்ததெல்லாம் உள்ளே தமிழெழுத்தாக விழுந்திருக்கிறது. கீபோர்டை மாற்றி அடித்தேன். அவசரத்தில் ஓர் எழுத்துத் தவறி மறுபடியும் பிழை.

"தள்ளுங்க, நான் அடிக்கிறன். நீங்க சொல்லுங்க" என்றாள் மனைவி.

"அது இரகசியம். ஆருக்கும் சொல்லக் கூடாது."

"ஆறு பேர் எயார்போட்டில நிக்கிறாங்களோ தெரியா, இவருக்கு இரகசியம்!" என்று மச்சான் கத்தினார். "சொல்லுங்க!"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "மச்சானுக்கு... வயிறு பெரிசு... மூளை சிறிசு."

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தாள். கடிதம் திறந்தது. இன்றைக்கே வருகிறார்களாம், பகல் இரண்டு மணிக்கு. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை.

மச்சான் வாசல் வரை போய்த் திரும்பினார். "கம்ப்யூட்டரே சரியென்டு ஏத்துக்கிட்டிச்சி. இனி நான் என்னத்த சொல்ல?" பிறகு வேனின் முன்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க மச்சான். போற வழியில கதைப்பம்."

கட்டுநாயக்க வரை அவர் கதைத்தார். நான் ஓம், ஓம் என்று தலையாட்டினேன்.